அம்மாவுக்கு எது தோது: ராஜகிரியத் தொடர்மாடியா, வெள்ளவத்தை ஒழுங்கையா?

அப்பா போன பிறகு அம்மாவை யாழ்ப்பாணத்தில் தனியே விட மனம் வரவில்லை. கொழும்புக்குக் கூட்டி வந்து இதுவரை இரண்டு இடத்தில் இருந்து பார்த்துவிட்டோம். ஒன்று ராஜகிரியவில் புதுத் தொடர்மாடி. மற்றது வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் முதலாம் மாடி. முதலாவதில் எட்டு மாதம் இருந்தோம். இரண்டாவதில் இப்போது ஒன்றரை வருடம். அம்மாவுக்கு வயது 74.

வாடகை ஏறக்குறைய ஒன்றுதான். காற்று, வெளிச்சம், காவல் எல்லாவற்றிலும் ராஜகிரிய மேல். ஜெனரேட்டரும் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை நினைத்தால் அது சின்ன விஷயமில்லை. மொட்டைமாடியில் தோட்டமும் நடைபாதையும், கீழே ஜிம்மும் பொது மண்டபமும். வீடு பார்க்கப் போன அன்றே எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

ஆனால் அந்தத் தோட்டத்துக்கு அம்மா ஒரு மாதம்தான் ஒழுங்காகப் போனா. பின்னேரங்களில் அங்கே ஒருவரும் இல்லை, எல்லாரும் வேலையால் வர ஏழு மணியாகும். பக்கத்து வீட்டு அம்மா நல்ல அன்பானவ. அவவுக்குத் தமிழ் வராது, எங்கள் அம்மாவுக்குச் சிங்களம் வராது. பலகாரம் போய் வரும், சிரிப்புப் போய் வரும், கதை அதற்கு மேல் நகராது. கோயிலுக்குப் போக ஓட்டோ வேண்டும், அதை என் போனில்தான் பிடிக்க வேண்டும். "நீ வேலையில நிப்பாய், உனக்கு ஏன் கரைச்சல்" என்று வீட்டிலேயே இருந்துவிடுவா.

நான் பிந்தி விளங்கிக்கொண்டது இதைத்தான். என்ன வசதி இருக்கிறது என்பதை விட, யாரையும் கேட்காமல் வாசலைத் தாண்டி அந்த வசதியிடம் போய்ச் சேர முடிகிறதா என்பதுதான் பெரிது. அதனால் வெள்ளவத்தையில் வீடு பார்த்தபோது அறைகளுக்கு முதல் வழியைப் பார்த்தேன். பஸ் ஓடும் பெரிய வீதியான காலி வீதிக்கு (Galle Road) மறுபக்கம் இன்னும் மலிவாக ஒரு வீடு கிடைத்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீதியைக் கடந்து பார்த்தேன். நடுவில் நிற்கும்போதே பச்சை விளக்குப் போய்விட்டது, பஸ்காரர் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த வீட்டை அதோடு விட்டேன்.

இப்போதைய வீட்டிலிருந்து ராமகிருஷ்ண மிஷனுக்கு அம்மாவின் நடையில் பத்து நிமிடம், காலி வீதியைக் கடக்கத் தேவையில்லை. பின்னேர ஆராத்திக்குத் தனியே போய் வருவா. பாதி வழியில் இளைப்பாறிய ஆசிரியை ஒருவரின் வீடு, விறாந்தையில் இரண்டு கதிரை. ஒருநாள் நான் வேலையால் வர வீடு பூட்டிக் கிடந்தது, போன் உள்ளே அடித்தது. பதறிப்போய் ஓடினால், அம்மா அந்த விறாந்தையில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருக்கிறா. காலையில் மரைன் டிரைவில் நடை. தமிழ்ச் சங்கத்துக்கு மட்டும் சனிக்கிழமைகளில் நான் கூட்டிப் போவேன். 1942 இலிருந்து நடக்கும் சங்கம், நல்ல நூலகம், கூட்டம் நடக்கும் நாட்களில் ஊர்ச் சனம் நிறைய வரும்.

குறை இல்லாமல் இல்லை. நடைபாதையில் மோட்டார் சைக்கிள்களை ஏற்றி விடுகிறார்கள், சிலாப்புகள் ஆடுகின்றன. அதை விட மோசம் மலசலகூடம். உலக சுகாதார நிறுவனம் முதியோருக்கு உகந்த நகரங்களுக்கென 2007 இல் வெளியிட்ட வழிகாட்டி, இருக்கைகளையும் பொதுக் கழிப்பறைகளையும் அடிப்படைத் தேவைகளாகவே சொல்கிறது. எங்கள் அம்மா நடக்கப் போவதற்கு முதல் தண்ணீர் குடிக்கவே மாட்டா. வழியில் ஒதுங்க இடமில்லை என்ற பயம். வெயில் நாட்களில் எனக்கு இது பெரிய கவலை.

சக்கர நாற்காலியில் இருப்பவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ராஜகிரியதான். முதியோர் பகல் பராமரிப்பு நிலையம் எதிலும் அம்மாவை விட்டதில்லை, அதனால் அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக்கு 17 படி. இடப்பக்கமும் கைபிடி பூட்டியிருக்கிறோம். போன தை மாதம் வலது முழங்கால் வீங்கி ஒன்பது நாள் அம்மா கீழே இறங்கவில்லை. அந்த ஒன்பது நாளும் டீச்சர் மேலே ஏறி வந்தா. அதே ஒழுங்கையில் கீழ்வீடு ஏதும் காலியானால் சொல்லச் சொல்லி அவவிடமே சொல்லி வைத்திருக்கிறேன்.