டானூபில் ஒரு நாள்: டூர்ன்ஷ்டைனில் கண்டிப்பாக இறங்குங்கள்

வியன்னா போகிறவர்கள் ஒரு முழு நாளை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். ரயிலில் ஒரு மணி நேரம் போனால் க்ரெம்ஸ், அங்கே படகு ஏறி டானூப் ஆற்றில் மெல்க் வரை சுமார் 36 கிலோமீட்டர். வாஹாவ் பள்ளத்தாக்கு என்பது இதுதான், 2000-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மெல்க்கில் ஏறி ஆற்றின் போக்கிலேயே வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நாங்கள் நீரோட்டத்தை எதிர்த்துப் போனதால் மூன்று மணி நேரம் ஆனது, அதனால்தான் இரு கரையிலும் கல் அடுக்கிக் கட்டிய திராட்சைத் தோட்டங்களை ஆற அமரப் பார்க்க முடிந்தது.

இந்தப் படகு வழியில் வரும் டூர்ன்ஷ்டைன் சின்ன ஊர். வளைவு திரும்பியதும் தேவாலயத்தின் நீலக் கோபுரம், மேலே பாறை உச்சியில் இடிந்த கோட்டை. சிலுவைப் போர் முடிந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்டை 1192 டிசம்பரில் பிடித்து இந்தக் கோட்டையில்தான் அடைத்து வைத்தார் ஆஸ்திரியப் பிரபு ஐந்தாம் லியோபோல்ட். விடுவிக்க டன் கணக்கில் வெள்ளி கேட்டார்கள், லியோபோல்டுக்குக் கிடைத்த பங்கில் வியன்னாவின் மதில் எழுந்தது. முந்தின நாள் வியன்னாவில் சுற்றிவிட்டு வந்ததால் அங்கே நிற்கும்போது எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஏற அரை மணி நேரம் ஆகும், நல்ல செங்குத்து, பிடிப்பான செருப்பு வேண்டும்.

அம்மாவுக்கு முட்டி வலி, அதனால் கீழேயே உட்கார்ந்து மரில்லென் கொழுக்கட்டை சாப்பிட்டார். மரில்லென் என்றால் இந்த ஊர் ஆப்ரிகாட், முழுப் பழத்தை மாவில் பொதிந்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டித் தருகிறார்கள். இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு வயிறு நிறையும். பழம் ஜூலையில்தான் பறிக்கிறார்கள், அப்போது போனால் இன்னும் நல்லது.

குறை என்றால் படகுச் சாப்பாடு. சூப் ஆறிப்போய் வந்தது, விலையும் அதிகம். மேல்தளத்தில் நிழல் போதவில்லை, தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று, ஒரு நாளைக்குச் சில படகுகள்தான் ஓடுகின்றன. இறங்குவதற்கு முன்பே அடுத்த படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் கேட்காமல் இறங்கியதால் மெல்க் மடாலயத்துக்கு ஒரு மணி நேரம்தான் மிச்சமிருந்தது, அங்குள்ள நூலகத்துக்கு மட்டுமே அது போதாது.