காலேஜ் கிளப்புக்கு வாங்குன 6 அடி மடக்கு ரேம்ப்: 8 மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

வீல்சேர்ல இருக்கவங்க மட்டும் இல்ல, காலேஜ்ல கிளப்போ மன்றமோ நடத்துற யாரா இருந்தாலும் படிங்க, ஏன்னா இந்த ரேம்ப (படி மேல வீல்சேர் ஏற போடுற சரிவுப் பலகை) வாங்குனது நான் இல்ல, எங்க போட்டோகிராஃபி கிளப்.

காரைக்குடி பக்கம் ஒரு காலேஜ்ல மூணாவது வருஷம் படிக்கிறேன், சின்ன வயசுலேர்ந்து வீல்சேர்தான், கையால தள்ளிக்கிற சாதா சேர். ஃபர்ஸ்ட் இயர்ல கிளப் மீட்டிங் முதல் மாடில நடக்கும், லிஃப்ட் கிடையாது, நாலு பசங்க சேரோட சேத்து தூக்கிட்டு போவாங்க. அவங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, தங்கமான பசங்க. ஆனா தூக்கும்போது சேர் ஒரு பக்கம் சாயும் பாருங்க, அந்த நேரம் வயித்த கலக்கும். அதவிட பெருசு, நடுவுல பாத்ரூம் போகணும்னா கூட மீட்டிங்க நிறுத்தி நாலு பேர எழுப்பணும். அதனால காலைலேர்ந்தே தண்ணி குடிக்காம இருப்பேன். திருமயம் கோட்டைக்கு கூட்டிட்டு போனப்ப எல்லாரும் மேல ஏறிட்டாங்க, நான் ரெண்டு மணி நேரம் வேன்ல உக்காந்து ஜன்னல் வழியா அதே ஒரு மதில படம் எடுத்துட்டு இருந்தேன். அதுக்கப்புறம் அசைன்மென்ட் இருக்கு, தலைவலின்னு சொல்லி சொல்லியே போறத விட்டுட்டேன்.

போன வருஷம் வந்த செக்ரட்டரி அக்காதான் நேரா வந்து "ஏன்டி வர்றதே இல்ல"ன்னு கேட்டாங்க. எல்லாத்தையும் சொன்னேன். மறுவாரமே மீட்டிங்க கீழ ஒரு கிளாஸ் ரூமுக்கு மாத்திட்டாங்க, அதுக்கு பத்து பைசா செலவு இல்ல. அந்த ரூம் வாசல்ல ஒரே ஒரு படி, 6 இன்ச். அதுக்குத்தான் இந்த ரேம்ப்.

அலுமினியம், 6 அடி நீளம், 30 இன்ச் அகலம், நீளவாக்குல மடிச்சா பெட்டி மாதிரி கைப்பிடி வந்துரும். மெஸ்ஸுல அரிசி நிறுக்குற தராசுல வச்சு பாத்தோம், 14 கிலோ. ஒரு ஆளே தூக்கிரலாம், வேன் சீட்டுக்கு பின்னாடி நிக்கும். ரெண்டு ஓரத்துலயும் சின்னதா மேடு இருக்கு, சக்கரம் வெளிய நழுவாது. மேல சொரசொரன்னு இருக்கதால மழைலயும் பிடிப்பு நல்லா இருக்கு. விலை 18 ஆயிரத்து சொச்சம்.

முதல்ல கமிட்டில ஒருத்தர் "உனக்குத்தான யூஸ், வீட்ல வாங்கித்தர சொல்லலாமே"ன்னாரு. மைக் பேசுறவங்களுக்குத்தான் யூஸ், அத அவங்க வீட்லேர்ந்தா கொண்டு வர்றாங்க? கிளப் காசுல வாங்குறோம்ல, இதுவும் அப்படித்தான்னு சொன்னேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 16வது பிரிவ பிரிண்ட் எடுத்துட்டு போய் காட்டுனேன், அரசு நிதியோ அங்கீகாரமோ வாங்குன கல்வி நிறுவனம்னா பாடம் மட்டும் இல்ல, விளையாட்டு பொழுதுபோக்குலயும் மத்தவங்களோட சமமா வாய்ப்பு தரணும்னு அதுல தெளிவா இருக்கு. சந்தா காசு கொஞ்சம், மீதிய ஸ்டாஃப் அட்வைசர் சார் பேசி டிபார்ட்மென்ட்லேர்ந்து வாங்கி குடுத்தாரு. இப்ப ட்ரைபாட், ரிஃப்லெக்டர் எழுதுற அதே ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ரேம்ப்பும் ஒரு வரி. எனக்கு இந்த எட்டு மாசத்துல ரொம்ப பிடிச்ச விஷயம் இதுதான். நான் லீவு போட்டாலும் ரேம்ப் இருக்கும், நான் படிச்சு முடிச்சு போனப்புறம் வர்ற பிள்ளைக்கும் இருக்கும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு தெரிஞ்சுக்கங்க, கடைக்காரங்க யாரும் சொல்ல மாட்டாங்க. 1 இன்ச் உயரத்துக்கு 1 அடி நீளம் வேணும், 1:12ன்னு சொல்ற சரிவு. 6 இன்ச் படிக்கு 6 அடி ரேம்ப் கரெக்டா வரும், நானே தள்ளி ஏறிருவேன். அதே ரேம்ப ரெண்டு படிக்கு, அதாவது 12 இன்ச்சுக்கு போட்டா சரிவு ரெண்டு மடங்கு. தனியா ஏறவே முடியாது, பின்னாடி ஒருத்தர் தள்ளணும், அப்பவும் முன் சக்கரம் தூக்குற மாதிரி பயமா இருக்கும். இறங்கும்போது பின்பக்கமா திருப்பித்தான் இறக்கணும். விளம்பரத்துல மூணு படிக்கு இத போட்டு ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே ஏறுற மாதிரி படம் இருக்கு, தயவுசெஞ்சு நம்பாதீங்க.

எங்க ஊரு வீடுகள்ல இத வச்சு பாத்ததையும் சொல்றேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு செட்டியார் வீட்டுக்கு படம் எடுக்க போனோம். நம்ம வீடுகதான் தெரியுமே, திண்ணையே ஆள் இடுப்பு உயரத்துக்கு இருக்கும், முன்வாசல்ல அஞ்சு படி. ரேம்ப் வேலைக்கே ஆகல, எனக்கு திருமயம் வேன்தான் ஞாபகம் வந்துச்சு. வீட்ட பாத்துக்கிற ஆச்சி வந்து பாத்துட்டு "ஏத்தா, இந்தத் தெருவுல நுழைஞ்சா அந்தத் தெருவுக்கு போற வீடு, பின்வாசல்ல ஒரு படிதான், சுத்தி வாங்க"ன்னு சாவிய எடுத்துட்டு போனாங்க. கொல்லைப்புறமா நுழையுறது எனக்கு மனசுக்கு சங்கடமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல விரும்பல. ஆனா உள்ள போய் அடுப்படி தாண்டி வளவுக்கு, அதாவது நடு முற்றமும் அத சுத்துன கூடமும் இருக்க இடத்துக்கு வந்து அந்த தூணுங்க வரிசையா நிக்கிறத, மேல திறந்த முற்றம் வழியா வெயில் கீழ விழுறத பாத்தப்ப அழுகையே வந்துருச்சு. பொறந்ததுலேர்ந்து இந்த ஊருதான், வளவுக்குள்ள அன்னைக்குத்தான் முதல் தடவ வந்தேன்.

அங்க ரெண்டு பிரச்சன. ஒண்ணு நிலைப்படி. கதவுக்கு கதவு மரப்படி உசந்து நிக்கும், 6 அடி ரேம்ப போட உள்ள இடம் பத்தாது. அதுக்கு ரப்பர்ல சின்ன சரிவுக்கட்டை தனியா விக்கிறாங்க, சேத்து வாங்கிருங்க, நாங்க அன்னைக்கு ரெண்டு பலகைய வச்சு சமாளிச்சோம். இன்னொண்ணு ஆத்தங்குடி கல்லு, எங்க பக்கத்து வீடுகள்ல தரைக்கு பதிக்கிற டைல்ஸ். அந்த வழவழப்புல ரேம்ப்போட கீழ் முனை அப்படியே பின்னாடி சறுக்குது. ஆச்சி ஈர சாக்க மடிச்சு அடில போட்டாங்க, அதுக்கப்புறம் அசையல. இப்ப ரேம்ப் பையிலயே ஒரு சாக்கு வச்சிருக்கோம்.

மத்தபடி, சித்திர வெயில்ல அரை மணி நேரம் கிடந்தா கை வைக்க முடியாது, சூடு. ஏறும்போது டமடமன்னு சத்தம், பேச்சு நடக்குற ஹால்னா எல்லாரும் திரும்பி பாப்பாங்க. மூணாவது மாசம் கீல் ஸ்க்ரூ ஒண்ணு லூசாச்சு, போன் பண்ணதும் கூரியர்ல வேற அனுப்பிட்டாங்க. 5க்கு 4 குடுப்பேன், அந்த விளம்பர படத்துக்காகத்தான் ஒண்ணு குறைச்சேன்.

ரேம்ப் வந்ததுல வேற ஒண்ணும் நடந்துச்சு. பார்வை குறைவா உள்ள ஒரு தம்பி கிளப்ல சேந்தான். நாங்க க்ரூப்ல போடுற நோட்டீஸ் எல்லாம் போஸ்டர் படம், அவன் போன்ல எழுத்த சத்தமா வாசிச்சு சொல்ற ஸ்க்ரீன் ரீடர் அத வாசிக்காது. சரின்னு ஃபைலா அனுப்புனா அது பாமினி ஃபான்ட்ல அடிச்சது, அந்தப் பழைய ஃபான்ட்ல பாக்கத்தான் தமிழ், உள்ள இருக்கது இங்கிலீஷ் எழுத்து, ஸ்க்ரீன் ரீடர்ல தமிழாவே கேக்கல, ஏதோ இங்கிலீஷ் எழுத்தா வாசிச்சுட்டு போகுது. இப்ப எல்லாமே யூனிகோட்ல, படத்துக்கு கீழ அதே விவரத்த டைப் பண்ணித்தான் போடுறோம்.

வாங்கணும்னு நினைக்கிற கிளப்காரங்க முதல்ல ஒரு டேப்ப எடுத்துட்டு போய் உங்க ரூம் வாசல அளங்க, பாத்ரூம் வாசலையும் சேத்து. எங்களுக்கு அடுத்த மாசம் ஆத்தங்குடில கல்லு போடுற பட்டறைக்கு போற ப்ளான் இருக்கு, ஞாயித்துக்கிழமை செக்ரட்டரி அக்காவும் அந்த தம்பியும் முன்னாடியே போய் அளந்துட்டு வர்றாங்க.