ஆஷ் மரத்துக்கு வேம்பு ஊசி: நான்கு ஆண்டு அனுபவம்

கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவில் எங்கள் வீட்டின் முன்னால் நிற்கும் ஆஷ் மரம், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, மே மாதம் முடியும் தறுவாயிலும் உச்சியில் துளிர்க்காமல் நின்றது. ஆஷ் இயல்பாகவே பிந்தித் துளிர்க்கும் மரம் என்பதால், பக்கத்து மேப்பிள் இலை விரித்த பின்னரும் அது மொட்டையாக நின்றதை நான் முதலில் பொருட்படுத்தவில்லை. கீழ்க்கிளைகள் பச்சை பிடித்தும் உச்சி மட்டும் விறகாகவே இருந்தபோதுதான் ஐயம் எழுந்தது.

மரப் பராமரிப்புக் கம்பனிகளை அழைத்தேன். முதலில் வந்த கம்பனிக்காரர், வாகனத்தை விட்டு இறங்காமலே, தறிக்க வேண்டும் என்று சொல்லி விலையும் சொன்னார். இரண்டாவதாக வந்தவர் ஏணி வைத்து ஏறி, சுள்ளிகளை நகத்தால் சுரண்டிக் காட்டினார்: கீழே பட்டைக்கு அடியில் ஈரப் பச்சை, மேலே வெறும் பழுப்பு, வளைத்ததும் முறிந்தது. அடிமரத்தில் ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில், ஏறத்தாழ 4 மி.மீ. அகலத்தில் துளைகள் இருந்தன. கிழக்காசியாவிலிருந்து வந்து, 2002 இல் டிட்ரோயிட் பகுதியிலும் 2007 இல் ரொறன்ரோவிலும் கண்டுபிடிக்கப்பட்ட மரகதப் பச்சை வண்டு வெளியேறிய வாசல்கள் அவை. அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் நெளிநெளியாகச் சுரங்கம் குடைந்து சாறு ஓடும் வழியை அறுப்பதால், மரம் உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பட்டுவருகிறது.

அவர் பரிந்துரைத்த மருந்து ட்ரீஅசின். அதன் செயற்பொருளான அசாடிராக்டின் வேப்பங்கொட்டையிலிருந்து எடுக்கப்படுவது. புழு தோலுரித்து வளர்வதை அது தடுக்கிறது. மருந்தை மேலே தெளிப்பதில்லை. யூன் மாதக் காலையொன்றில் அடிமரத்தைச் சுற்றிச் சிறு துளைகள் இட்டு, மருந்துக் குப்பிகளைச் செருகினார்கள்; இலைகள் நீரை மேலிழுக்கும்போது மருந்தும் சேர்ந்து ஏறுகிறது. மண் ஈரமாக இருந்தால் விரைவாக ஏறும் என்று முதல் நாளே தண்ணீர் விடச் சொல்லியிருந்தார்கள். வாசலுக்கு வந்த அம்மா, “இதென்ன, வேப்பெண்ணெய் மணக்குது?” என்று கேட்டார். எந்த ஊர்க் கொட்டையோ, இந்தப் பனி நாட்டு மரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து இரண்டாம் ஊசியும் போட்டாயிற்று. பட்டுப்போன உச்சி மீண்டும் துளிர்க்கவில்லை. அதை வெட்டிவிட்டதால் மரம் ஒரு பக்கம் சாய்ந்தாற்போலத் தெரிகிறது. ஆனால் எஞ்சிய கிளைகள் ஒவ்வொரு மேயிலும் முழுமையாக இலை விடுகின்றன. புதிய துளை எதுவும் என் கண்ணில் படவில்லை. மருந்திடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது முறையன்று, ஏனெனில் அது உயிருள்ளதைக் காக்குமே தவிர, இறந்த கிளையை எழுப்பாது.

ஊசி போட்ட இந்தக் கம்பனியின் சேவையில் எனக்குப் பிடித்தது அவர்கள் மறுத்த ஒரு வேலைதான். பாதிக்கு மேல் காய்ந்திருந்த எதிர்வீட்டு ஆஷுக்கும் ஊசி போடக் கேட்டபோது, தலைப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டால் மருந்து மேலேறாது, பணம் வீண் என்று சொல்லி, மரம் இன்னும் உக்கி முறியுமுன் தறித்துவிடும்படி அறிவுறுத்தினார்கள்.

கட்டணம் மரத்தின் விட்டத்தை அளந்து, சென்ரிமீற்றர் கணக்கில் வாங்கப்படுகிறது. பருத்த மரம் வைத்திருப்போருக்கு அது சுமைதான், அதுவும் வண்டு அக்கம்பக்கத்தில் இருக்கும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் சுமை. அதற்காக ஒன்றைக் குறைத்து, இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நான்கு புள்ளி கொடுக்கிறேன்.