ஜிபி கணக்கா, பேண்ட்வித் கணக்கா?

வீட்டுக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனங்களில் பலவற்றுக்குச் சொந்தமாகக் கேபிள் கிடையாது. கேபிள் போட்டு வைத்திருக்கும் பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கி நமக்குச் சில்லறையாக விற்கிறார்கள். அந்த மொத்த விற்பனைக் கட்டணத்தை எதை வைத்துப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான், ராத்திரி ஒன்பது மணிக்கு நம் வீட்டில் படம் ஓடுவதும் நடுவில் சுற்றிக்கொண்டே நிற்பதும்.

முதல் முறை, ஓடிய டேட்டாவை அளந்து ஜிபிக்கு இவ்வளவு என்று காசு வாங்குவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கேபிளும் ரவுட்டரும் சும்மா கிடந்தாலும் நிரம்பி ஓடினாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். உச்ச நேரத்தில் இடம் போதாமல் பெரிய கருவி வாங்க வேண்டி வரும்போதுதான் செலவு கூடுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு 50 ஜிபி கேம் இறக்குகிறவரால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஜிபி கணக்கோ, நெரிசல் நேரத்தில் இறக்குகிறவரிடம் கேட்கும் அதே காசை அவரிடமும் கேட்கிறது. விளைவு, மாத வரம்பு தாண்டியதும் கம்பி காலியாகக் கிடக்கும் நேரத்திலும் வேகத்தைக் குறைப்பது.

இரண்டாவது முறை, கொள்ளளவை, அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு ஓடலாம் என்ற பேண்ட்வித்தை, வாங்குவது. 1,000 வீடுகளுக்குச் சேர்த்து 2 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 2 ஜிகாபிட்) வாங்கினால் தலைக்கு 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) ஆகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் இழுப்பதில்லை என்பதால் இது ஓடிவிடும். ஆனால் 5 எம்பிபிஎஸ் எடுக்கும் வீடியோவை 400 வீடுகள் ஒன்றாகப் போட்டாலே அது நிரம்பிவிடும். செலவு எங்கே பிறக்கிறதோ அங்கேயே அளக்கிறது என்பதால் எனக்கு இதுதான் நேர்மையான முறை.

கனடாவில் 2011-இல் இதற்காகப் பெரிய சண்டையே நடந்தது. தன்னிடம் மொத்தமாக வாங்கும் சிறு நிறுவனங்களிடமும் பயன்பாட்டுக் கணக்கில் வசூலிக்க பெல் கனடா முனைய, மக்கள் கொதித்தார்கள். ஒழுங்குமுறை ஆணையமான சிஆர்டிசி மறுபடி விசாரித்து, 100 எம்பிபிஎஸ் படிகளாகக் கொள்ளளவு வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. இணைப்புக்கு ஒரே கட்டணம் என்ற வழியையும் விட்டுவைத்தது. அதில் கணக்குத் தொல்லை இல்லை. ஆனால் அதிகம் இழுக்கும் வாடிக்கையாளர்களை வைத்திருப்பவரும் குறைவாக இழுப்பவர்களை வைத்திருப்பவரும் ஒரே காசுதான் கட்டுகிறார்கள்.

கொள்ளளவு முறையிலும் ஒரு ஓட்டை உண்டு. சில்லறை நிறுவனம் கஞ்சத்தனமாக வாங்கினால் அவதி நமக்குத்தான். ஆஸ்திரேலியாவின் தேசிய பிராட்பேண்ட் வலையமைப்பான என்பிஎன்னில் சிவிசி என்ற கொள்ளளவுக் கட்டணம் இந்தப் புகாரைத்தான் பல வருடம் சுமந்தது. 2020 மார்ச்சில் எல்லோரும் வீட்டில் முடங்கியபோது, 40 சதவீதம் வரை கூடுதல் கொள்ளளவை இலவசமாகவே தர வேண்டி வந்தது.

நிறுவனங்கள் இணைய டிரான்சிட், அதாவது மற்ற இணையத்தோடு சேர்க்கும் இணைப்பு, வாங்கும்போது இன்னொரு கணக்கு உண்டு. டேட்டா ஓடும் வேகத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்தால் 30 நாளில் 8,640 அளவுகள். அதில் உச்சியிலுள்ள ஐந்து சதவீதத்தை, அதாவது 432-ஐ, தள்ளிவிட்டு அடுத்ததற்குக் காசு. மொத்தம் 36 மணி நேரம், நாளுக்கு 72 நிமிடம் மன்னிப்பு. திடீரென்று ஒரு நாள் எகிறினால் இது காப்பாற்றும். தினமும் மூன்று மணி நேரம் நீளும் மாலை நெரிசலுக்கு உதவாது.

சரி, வாங்கியது போதவில்லை என்றால்? 2007-இல் அமெரிக்க இணைய நிறுவனமான காம்காஸ்ட், ஆட்கள் தங்களுக்குள் கோப்பு பகிரும் பிட்டோரண்ட் இணைப்புகளை, 'இணைப்பை முறி' என்று சொல்லும் பொய்யான ரீசெட் பாக்கெட் (சிறு டேட்டாத் துண்டு) அனுப்பித் துண்டித்தது வெளியே வந்தது. அடுத்த வருடம் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி கண்டித்தது. அப்புறம் அவர்கள் மாற்றிய முறை எவ்வளவோ மேல்: எந்த ஆப் என்று பார்க்கவில்லை. அந்தப் பகுதி நெரிசலில் இருக்கிறதா, அந்த நிமிடங்களில் அதிகம் இழுப்பவர் யார் என்று மட்டும் பார்த்து, அவருடைய பாக்கெட்டுகளைக் கொஞ்ச நேரம் வரிசையில் பின்னால் நிறுத்தினார்கள். நெரிசல் தீர்ந்ததும் விட்டுவிட்டார்கள். நாம் எதைப் பார்க்கிறோம் என்று எட்டிப் பார்க்காமலே நெரிசலைச் சமாளிக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.