குவேக் 2 ரீமாஸ்டர்: பாட்டை நிறுத்திவிட்டு விளையாடுபவனின் அனுபவம்

கட்டாரில் வேலை செய்யும் கிண்ணியாக் கூட்டாளி ஒருவன் வொட்ஸ்அப்பில் கேட்டான்: "மச்சான், குவேக் ரெண்டு புதுசா வந்திருக்காம், விலையும் இறங்கியிருக்கு. வாங்கலாமா?" குவேக் 2 என்ற பழைய சுடும் கேமைப் புதுப்பித்து 2023 ஆகஸ்டில் விட்ட ரீமாஸ்டரை அவன் இப்போதுதான் கண்டிருக்கிறான். என்னிடம் அது வந்த காலத்திலிருந்தே இருக்கிறது. ஆனாலும் ஓம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் அனுப்ப முடியவில்லை.

படம் எப்படி, லப்டொப்பில் ஓடுமா என்பதெல்லாம் பேச்சுக்கே எடுக்கத் தேவையில்லை. பழைய கேம்களைத் தூசு தட்டுவதில் நைட்டைவ் ஸ்டூடியோஸுக்குக் கை பழகிவிட்டது. 1997 இல் வந்த மூலக் கேம், 1998 இல் வந்த இரண்டு மேலதிகப் பகுதிகள், நின்டெண்டோ 64 கேம் பெட்டிக்கென்று செய்த தனிப் பதிப்பு, அதற்கு மேல் மெஷின்கேம்ஸ் புதிதாகச் செய்த 28 கட்டங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து முழு விலையே 10 டொலர்தான், கழிவு வந்தால் இன்னும் குறையும். இந்த விலைக்கு இவ்வளவு தருகிறவர்களைக் குறை சொல்ல மனசு வராது.

எனக்குப் பிரச்சினை பாட்டு.

2002 இல் யுத்தநிறுத்தம் வந்த பிறகு திருகோணமலை அநுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு கொம்பியூட்டர் கடையில்தான் நாங்கள் இதை விளையாடப் பழகினோம். அதற்குள் கேமுக்கு ஐந்து வயதாகியிருந்தது, எங்களுக்கு அது புதுசு. இவன் கிண்ணியாவிலிருந்து பாதையில், அதாவது ஆட்களை ஏற்றும் மிதவைப் படகில், ஏறி வருவான். 2009 இல்தானே பாலம் திறந்தார்கள். கடைசிப் பாதையைப் பிடிக்க வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேமுக்குள் ரெயில்கன் துப்பாக்கியால் என் மண்டையைத் தூக்குவான்.

அந்தக் கடையில் ஓடிய கேமில் பாட்டு இல்லை. அசல் சீடியில் முதல் தடத்தில் கேமும் மற்றத் தடங்களில் சாதாரண ஓடியோ சீடி மாதிரிப் பாட்டுகளும் இருக்கும். சீடி பிளேயரில் போட்டால்கூடப் பாடும். கொப்பி அடிப்பவர்கள் கேம் போல்டரை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், பாட்டு சீடியிலேயே நின்றுவிடும். அசல் சீடி கையில் இருந்தாலும், சீடி ட்ரைவிலிருந்து சவுண்ட் கார்டுக்குப் போகும் மெல்லிய வயரை யாராவது கொழுவியிருக்க வேண்டும். எங்கள் பக்கம் யார் கொழுவினார்கள்? காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் இதே கதைதான்: 2007 இல் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் விற்பனைக்கு வந்தபோதும் அதில் பாட்டு இருக்கவில்லை.

அதனால் எங்களுக்கு குவேக் 2 ஒரு அமைதியான கேம். அமைதி என்றால் சத்தமே இல்லை என்பதில்லை, சின்னச் சத்தம் எல்லாம் கேட்கும். பரசைட் என்று நாலு காலில் நிற்கும் ஒரு இயந்திரப் பிராணி இருக்கிறது. வாயிலிருந்து நாக்கை நீட்டி உயிரை உறிஞ்சும். சும்மா நிற்கும்போது அது ஒரு காலைத் தரையில் தட்டிக்கொண்டே இருக்கும். டக் டக் டக். ஆளைக் காணாது, கதவுக்கு அந்தப் பக்கம் தட்டுவது மட்டும் கேட்கும். டேங்க் என்ற பெரிய எதிரி வருவதென்றால் காலடி முதலில் வரும். சிறைச்சாலைக் கட்டத்தில் பிடிபட்ட மனிதர்களின் புலம்பல் எந்த அறையிலிருந்து வருகிறது என்று காது சொல்லும். யுத்த காலத்துத் திருகோணமலையில் வளர்ந்த எங்களுக்கு இரவில் காதை வைத்து ஆபத்து எந்தப் பக்கம் என்று கணிப்பது தனியாகப் பழக வேண்டிய வித்தையாக இருக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அந்தக் கேமில் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

ரீமாஸ்டரைத் திறந்து முதல் கட்டத்துக்குள் இறங்கியதும் கிற்றார் இடிக்கிறது. சோனிக் மேஹெம் என்ற பெயரில் சாஷா டிகிசியான் போட்ட இசை. நியாயமாகச் சொல்ல வேண்டும், அருமையான இசை. நிலாவெளிக்குப் பஸ்ஸில் போகும்போது இயர்போனில் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் கேமுக்குள் அது ஓடும்போது டக் டக் எங்கே? பரசைட் முன்னால் வந்து நாக்கை நீட்டிய பிறகுதான் தெரிகிறது. டேங்கின் காலடி டிரம்ஸுக்குள் போய்விடுகிறது. பயந்து பயந்து பதுங்கிப் போகும் கேமாக என் தலையில் இருந்தது, அடித்து நொறுக்கிக்கொண்டு ஓடும் கேமாகிவிட்டது. செய்தவர்கள் 1997 இல் நினைத்ததே அதுதான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிச்சல் போகவில்லை.

பாட்டின் சத்தத்தைத் தனியாகக் குறைக்கலாம். குறைத்துத்தான் விளையாடுகிறேன். ஆனால் அக்காவின் மகன் வந்தால் திரையைப் பிரித்து இரண்டு பேராக விளையாடுவோம். அவனுக்குப் பாட்டு இல்லாவிட்டால் செத்த வீடு மாதிரி இருக்கிறதாம். அவன் போன பிறகு திறந்தால் மறுபடி கிற்றார். ஒவ்வொரு முறையும் போய்க் குறைக்க வேண்டும்.

கொம்பஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு பட்டனை அமத்தினால் அடுத்து எங்கே போக வேண்டும் என்று வழி காட்டும். பழைய கேமில் ஒரு சாவியைத் தேடி மூன்று கட்டங்களுக்குள் முன்னும் பின்னும் அலைந்தவர்களுக்கு இது பெரிய உபகாரம். வேலை முடிந்து வந்து அரை மணித்தியாலம் விளையாடுபவனுக்கு அலைய ஏது நேரம்? இதை மட்டும் மனதாரப் பாராட்டுகிறேன். பெர்சர்க்கர் என்ற எதிரி இப்போது பாய்ந்து வந்து அடிக்கிறான், அதுவும் நல்ல மாற்றம். முன்பு தள்ளி நின்றே அவனைச் சுட்டு முடித்துவிடலாம்.

மெஷின்கேம்ஸின் புதிய கட்டங்களுக்கு மட்டும் தனியாகக் காசு கொடுக்கலாம். பெரிய பெரிய வெளிகள், எதிரிகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அங்கே நான் பாட்டைக் குறைப்பதில்லை. பழைய ஞாபகம் எதுவும் இல்லாத இடம், என்ன பாட்டு ஓடினாலும் எனக்கு ஒன்றுதான்.

அப்போ வாங்கலாமா? இவ்வளவு நல்லது சொன்னவன் வாங்கு என்றுதான் சொல்ல வேண்டும். இன்று கேட்டால் வாங்காதே என்பேன். நேற்று இரவும் கிற்றார் இடியில் பரசைட்டிடம் மாட்டினேன், மருமகன் வந்து போயிருந்தான். அடுத்த கிழமை கேட்டால் வேறு மாதிரிச் சொல்லக்கூடும்.

கூட்டாளிக்கு அனுப்பிய பதில் வேறு: முதலில் உன் ஸ்டீம் லைப்ரரியைப் பார். பழைய குவேக் 2 ஐ எப்போதாவது வாங்கிப் போட்டிருந்தால் இது சும்மாவே கிடைக்கும், காசு கொடுக்காதே. இறக்கியதும் செட்டிங்ஸுக்குப் போய் பாட்டைப் பூச்சியத்துக்கு இழு. ஹெட்போனைப் போடு. பரசைட் வரும் கட்டம் வரை பொறு. அதற்குப் பிறகும் பாட்டு வேண்டுமென்றால் போட்டுக்கொள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.