முழு லைக்கனா, தனியே வளர்த்த பூஞ்சையா?

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் ஒன்றாகக் கூடி வாழும் உயிர். முனைவர் பட்டம் முடித்து லைக்கன் ஜீனோம் (முழு டிஎன்ஏ தொகுப்பு) ஆய்வுக்கு வரும் தம்பி தங்கைகள் சென்னையில் என்னிடம் கேட்பது இதைத்தான்: டிஎன்ஏவை லைக்கனிலிருந்து நேராக எடுப்பதா, அதிலுள்ள பூஞ்சையைப் பிரித்து வளர்த்து எடுப்பதா? (செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசியும் லைக்கன்தான்.)

நேரம்: முழு லைக்கன் என்றால் ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்து சுத்தம் செய்த சில நாளில் டிஎன்ஏ கிடைத்துவிடும். வளர்ப்புக்கு மாதக்கணக்கு ஆகும், சில இனங்கள் வளரவே வளராது. குளிரூட்டிய அறையும் தடையில்லாமல் ஓட வேண்டும். சென்னை வெயிலில் இது சின்ன விஷயமில்லை.

செலவு: முழு லைக்கனில் பூஞ்சை, பாசி, பாக்டீரியா எல்லாம் கலந்திருப்பதால் கருவியில் அதிக டிஎன்ஏவை வாசிக்க (சீக்வென்சிங்) வேண்டும். வளர்ப்பில் குறைவான வாசிப்பே போதும்.

தரம்தான் முக்கியம். பரிணாமத்தில் ஒரு ஜீன் தொலைந்தது என்று சொல்ல, ஜீனோம் முழுமையாக இருக்க வேண்டும். கலவையைக் கணினியில் பிரிக்கும்போது அந்த ஜீன் வேறு உயிரியின் பக்கம் போயிருக்கலாம். வளர்த்த பூஞ்சையில் அந்தச் சந்தேகம் மிகக் குறைவு.

ஆனால் வளர்ப்பு மற்ற கூட்டாளிகளைக் காட்டாது. 2016இல் லைக்கன் ஆய்வாளர் டோபி ஸ்பிரிபில் குழு லைக்கனின் புறணியில் (வெளி அடுக்கில்) இன்னொரு பூஞ்சையை, ஒரு ஈஸ்ட்டைக் கண்டது, முழு லைக்கனின் ஆர்என்ஏவைப் படித்ததால்தான்.

சரி, எது யாருக்கு? கூட்டுவாழ்வே கேள்வி என்றாலும், உங்களுக்கு 2 வருட வேலை ஒப்பந்தம்தான் என்றாலும் முழு லைக்கன். ஒரே பூஞ்சைக் குடும்பத்தின் ஜீன் வரலாறு என்றால், பொறுமையாக வளர்த்துவிடுங்கள்.