முதல் மாண்டரின் பயணம்: பெய்ஜிங்கா, தைபேயா?

மாண்டரின் என்ற சீன மொழி ஒலிக்கும் ஊருக்கு முதன்முறையாகப் போக நினைப்பவர்களுக்கு மூன்று வாசல்கள் உண்டு: சீனப் பெருநிலம், தைவான், சிங்கப்பூர். சிங்கப்பூரை இப்போதே ஒதுக்கிவிடுகிறேன். அங்கே ஆங்கிலம் போதும். அறிவிப்புப் பலகைகள் பலவற்றில் தமிழே இருக்கிறது. மாண்டரினில் ஒரு சொல்கூடத் தெரியாமல் ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம். அருமையான ஊர்தான், மாண்டரினைத் தேடிப் போகிறவருக்கு உரிய ஊர் இல்லை.

மற்ற இரண்டுக்கும் அம்மாவை அழைத்துக்கொண்டு போய்வந்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்கிறேன்: முதல் பயணம் என்றால் தைவான். சீனாவுக்கான வேலை முழுவதையும் விமானம் ஏறுவதற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்து முடித்திருக்க வேண்டும். தைவானில் இறங்கியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தாலும் பெரும்பாலும் நடந்துவிடும்.

விசா

சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. 30 நாள் வரை இரண்டு இடங்களுக்கும் விசா இல்லாமல் போகலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இரண்டுக்கும் முன்னனுமதி வேண்டும். சீனா பல நாட்டவருக்குத் தரும் 240 மணி நேர விசாயில்லா இடைத்தங்கல் சலுகையில் இந்தியா இல்லை. இணையத்தில் யாரோ போட்ட காணொளியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான், ஆஸ்திரேலியா, ஷெங்கன் போன்றவற்றின் விசா உங்களிடம் இருந்தால், தைவானுக்குக் கட்டணமில்லாத பயண அனுமதிச் சான்றிதழை இணையத்திலேயே பெறலாம். அது இல்லாதவர்களுக்குச் சென்னையில் 2012 முதல், தைவானுக்குத் தூதரகம் போன்ற தைபே பொருளாதார, பண்பாட்டு மையம் இயங்குகிறது. சீனாவுக்குச் சென்னையில் துணைத் தூதரகம் கிடையாது. விசா விதிகள் அடிக்கடி மாறுபவை, விண்ணப்பிக்கும் வாரத்தில் மறுபடியும் பாருங்கள்.

கைபேசியும் காசும்

சீனாவில் பயணத்தின் பாதி கைபேசிக்குள்தான் நடக்கிறது. கூகுள், வாட்ஸ்அப், யூடியூப், ஃபேஸ்புக் எதுவும் உள்ளூர் இணையத்தில் திறக்காது. ஆனால் நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டாலோ, வெளிநாட்டு நிறுவனத்தின் பயண இ-சிம் வாங்கினாலோ அவை வழக்கம்போல் திறக்கும். விமான நிலையத்தில் உள்ளூர் சிம் வாங்கிக்கொள்ளலாம் என்ற பழைய பழக்கம் இங்கே காலை வாரிவிடும். வரைபடத்துக்குக் கூகுளை நம்பாதீர்கள்; சீனாவில் அது காட்டும் இடம் சாலையைவிட்டு விலகி நிற்கும். ஆமேப் செயலியை இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

பணம் அதைவிட முக்கியம். நூடுல்ஸ் கடை முதல் தெருவோரப் பழ வண்டி வரை அலிபே, வீசாட் பே என்ற பணச் செயலிகளின் கியூஆர் குறியீடுதான். 2023-லிருந்து வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இவற்றில் எளிதாக இணைக்க முடிகிறது. 200 யுவானுக்குள் செலவழித்தால் கூடுதல் கட்டணம் இல்லை, மேலே போனால் 3 சதவீதம். அட்டையை ஊரில் இருக்கும்போதே இணைத்துச் சரிபார்த்துவிடுங்கள். ஷாங்காயில் முதல் நாள் இரவு நான் பட்ட பாடு அதுதான்: இணைப்பதற்கான ஓடிபி என் ஊர் எண்ணுக்குப் போயிற்று, அந்த சிம்மைக் கழற்றி அறையில் வைத்திருந்தேன். கடைக்காரர் 100 யுவான் தாளை வாங்கிக்கொண்டு சில்லறைக்காகப் பக்கத்துக் கடைகளில் ஏறி இறங்கினார். அம்மா அதுவரை கிண்ணத்தைத் தொடவே இல்லை. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவைப்பதையும் மறக்காதீர்கள்.

தைவானில் இந்தப் பதற்றம் எதுவும் இல்லை. விமான நிலையத்தில் சிம், ஈஸிகார்டு என்ற முன்பண அட்டை ஒன்று, கையில் கொஞ்சம் ரொக்கம். ஈஸிகார்டைத் தட்டி மெட்ரோ, பஸ், செவன் லெவன், ஃபேமிலிமார்ட் கடைகள் எல்லாவற்றையும் கடக்கலாம். இரவுச் சந்தைகளில் ரொக்கம்தான் ராஜா. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: தைபே மெட்ரோவுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அபராதம் 1,500 தைவான் டாலரிலிருந்து தொடங்குகிறது.

இன்னொரு சின்ன விஷயம். தைவானில் மின்சாரம் 110 வோல்ட். கைபேசி, மடிக்கணினி சார்ஜர்களுக்குப் பாதகமில்லை. நம் ஊர் 230 வோல்ட் கெட்டில் அங்கே தண்ணீரைக் கொதிக்கவைக்கத் திணறும். சீனாவில் 220.

சாப்பாடு

சைவர்களுக்கு இந்த ஒரு பகுதியே முடிவைச் சொல்லிவிடும். சீனாவில் ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் இறைச்சித் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, அதே எலும்புச் சாற்றில் வெந்த நூடுல்ஸ் வரலாம். மாப்போ தோஃபு என்று பெயரைப் பார்த்து ஆசையோடு சொன்னால், கொத்திய இறைச்சி தூவி வருவதுதான் வழக்கம். வறுத்த பீன்ஸிலும் அப்படியே. ‘வோ ச்சி ஸூ’, நான் சைவம் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். எலும்புச் சாறு, பன்றிக் கொழுப்பு, முட்டை வேண்டாம் என்பதைச் சீன எழுத்தில் எழுதிய சீட்டையும் காட்டுங்கள். பௌத்தக் கோயில்களை ஒட்டிய உணவகங்கள் கைகொடுக்கும்.

தைவானில் சைவம் ஒரு பெரிய மரபு. ஸ்வஸ்திகத்தைத் திருப்பிப் போட்டது போன்ற குறி தொங்கும் கடைக்குள் தயங்காமல் நுழையலாம். பொட்டலங்களில் முட்டை உண்டா, பால் உண்டா, வெங்காயம் பூண்டு வகைகள் உண்டா என்று வகை பிரித்தே அச்சிடுகிறார்கள். வெங்காயம் பூண்டு வகைகளை விலக்கும் பௌத்தச் சமையலைப் பார்த்து என் அம்மா அடைந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. ஏகாதசிக்கு மறுநாள் வீட்டில் சமைப்பது போலவே இருக்கிறது என்றார். அசைவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும்: சீனாவின் சிச்சுவான் மாகாணமும் சியான் நகரமும் தரும் வகைகளுக்கு ஒரு தீவு ஈடாகாது.

எந்த மாண்டரின்?

கொஞ்சம் படித்துவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பெருநிலத்தில் எளிமையாக்கிய எழுத்து, தைவானில் மரபெழுத்து. பாடப் புத்தகங்களும் செயலிகளும் பெரும்பாலும் எளிமை எழுத்தையே கற்றுத்தருவதால், தைபே உணவுப் பட்டியல் முதல் நாள் மிரட்டும். சொற்களும் வேறு: மெட்ரோ பெருநிலத்தில் ‘தீதியே’, தைவானில் ‘ஜியேயூன்’. ‘தூதோவ்’ என்றால் பெய்ஜிங்கில் உருளைக்கிழங்கு, தைவானில் பலருக்கு வேர்க்கடலை.

ஒலியில் தமிழருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. நாக்கை மேல்நோக்கி வளைக்கும் மாண்டரின் ‘ர’ நம் ழகரத்துக்கு உறவுக்கார ஒலி. பெய்ஜிங்காரர்கள் சொல்லின் கடைசியில் அதைச் சேர்த்துச் சுழற்றும்போது காதுக்கு வீட்டு நினைவு வரும். தைவானில் பலர் இந்த வளைவைத் தளர்த்திவிடுகிறார்கள். ‘ஷி’ என்ற பத்தும் ‘ஸி’ என்ற நான்கும் ஏறத்தாழ ஒன்றாகி, தொனியால் மட்டுமே பிரிகின்றன. விலை கேட்கும்போது விரலையும் பாருங்கள். சீனாவில் ஒரே கையால் பத்து வரை காட்டுவார்கள், கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு. உச்சரிப்பைச் செதுக்கப் பெய்ஜிங் நல்லது. தடுமாறிப் பேசவும் துணிவு வேண்டும் என்றால் தைபே. என் அரைகுறை வாக்கியங்களை அங்கே பொறுமையாகக் கேட்டு முடித்தார்கள்.

ரயிலும் பார்க்க வேண்டியவையும்

ரயிலில் சீனாதான் வெல்லும், வாதமே இல்லை. பெய்ஜிங்–ஷாங்காய் 1,318 கிலோமீட்டரை நாலரை மணி நேரத்தில் கடக்கிறது. பாஸ்போர்ட்டே டிக்கெட். விற்பனை 15 நாள் முன்பு திறக்கும். அக்டோபர் முதல் வாரமும் சீனப் புத்தாண்டும் கூடவே கூடாது. தைவானின் அதிவேக ரயில் 350 கிலோமீட்டர்தான், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தீவின் மேற்குக் கரை முடிந்துவிடும். அன்று காலையில் முடிவு செய்து கவுன்டரில் டிக்கெட் வாங்கலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை சூறாவளிக் காலம்.

பெய்ஜிங் அரண்மனைக்கு ஏழு நாள் முன்பே பாஸ்போர்ட் எண்ணோடு பதிவு செய்ய வேண்டும், திங்கள் விடுமுறை. ஆனால் அந்த அரண்மனையின் தேர்ந்த அரும்பொருள்களில் ஏராளமானவை 1948–49இல் கடல் கடந்து தைவானுக்குப் போய்விட்டன; இப்போது தைபே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மாளிகை ஓரிடம், பொக்கிஷம் ஓரிடம்.

நெடுஞ்சுவரைப் பார்ப்பதே வாழ்நாள் ஆசை, இன்னொரு முறை போக வழியில்லை என்றால் தைவானை மறந்துவிட்டுச் சீனாவுக்கே போங்கள். மேலே சொன்ன வீட்டுப்பாடத்துக்கு இரண்டு வார இறுதிகளை ஒதுக்கினால் போதும். அப்படிப் போனால் பெய்ஜிங், ஷாங்காயோடு நிறுத்தாமல் தெற்கே சுவான்சோவுக்கு ஒரு நாள் கொடுங்கள். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த துறைமுக நகரம் அது. சியாமென் நகரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கையுவான் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் போங்கள். அங்கே இரண்டு கல் தூண்களில் நம் ஊர்ப் புராணச் சிற்பங்கள் இருக்கின்றன.